ஊதியமில்லாப் பணியும் தொழில் தேர்ச்சியும்

மகாசபைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. வரவு செலவு வாசித்து முடிந்ததும் தலைவர் எழுந்து, "நூல் இருப்புச் சோதனைக்கு அங்கத்தினர்களில் இருவர் வேண்டும், யார் முன்வருகிறீர்கள்?" என்று வினவுவார். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கணத்தில் தரையை நோக்குவார்கள். சிலர் வெற்றிலையை மடிக்கத் தொடங்குவார்கள். ஈற்றில் சென்ற ஆண்டு அவ்வேலையைப் பார்த்தவரே இவ்வாண்டும் பார்ப்பார். கூட்டம் கலைந்து வீடு செல்லும்போது, "கூலியில்லாத வேலை, நமக்கேன் வம்பு?" என்று ஒருவரோடொருவர் சொல்லிக்கொள்வதும் நம் காதில் விழும்.

இந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி போயிற்று. களையெடுப்பு ஒரு வாரம் தள்ளினால் விளைச்சல் குறைந்தது. எனினும், சங்கத்தில் கௌரவப் பணி ஏற்பது பிறர்க்குச் செய்யும் உபகாரம் மாத்திரமே என்று எண்ணுவது பெருந்தவறு என்பதையே இந்த மாதப் பாடத்தில் ஆராய விரும்புகிறோம். அப்பணி, செய்பவனுக்கே ஒரு பள்ளிக்கூடம். கட்டணம் வாங்காத பள்ளிக்கூடம். அவன் கையிலுள்ள தொழிலையே பாடமாக வைத்துக் கற்பிக்கும் பள்ளிக்கூடம்.

நாம் நேரில் அறிந்த நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுவோம். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டா. அங்கே ஓராண்டில் நெசவாளர் பலருக்கு 'நூல் குறைவு' என்று கூலியிற் பிடித்தம் விழுந்தது. 80-ஆம் நம்பர் நூலை எடையிட்டுக் கொடுத்தார்கள், வேட்டிகளை வாங்கினார்கள், கணக்கின்படி மீதமிருக்க வேண்டிய ஊடைநூல் நெசவாளர் வீட்டில் இல்லை. நெசவாளர்களோ, ஒரு சிட்டாவைக்கூட வெளியில் விற்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். கிடங்குக் குமாஸ்தா எடையில் ஏய்க்கிறார் என்று ஒரு சாராரும், நெசவாளர்களே நூலைத் திருடுகிறார்கள் என்று மற்றொரு சாராரும் பேச, சங்கம் இரண்டாகப் பிளவுபடும் நிலை வந்தது. தராசைச் சோதித்தார்கள், தராசு சரியாகவே இருந்தது.

அந்நிலையில் இருபத்தைந்து வயது நெசவாளர் ஒருவர், மாலை நேரங்களில் கிடங்கில் உடனிருந்து இருப்புப் பார்ப்பதாகத் தாமே முன்வந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முதல் மாதம் முழுவதும் அவர் செய்தது கட்டுகளை எண்ணுவதும் சீட்டில் எழுதுவதுமே. ஆனால் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, நூலின் நம்பர் என்றால் என்ன என்பதைக் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதை இங்கு விளக்குவது அவசியம். ஏனெனில் நாள்தோறும் அந்நூலையே கையாளும் நம்மிற் பலர் இதனை அறிவதில்லை.

ஒரு சிட்டா என்பது 840 கெஜ நீளமுள்ள நூல். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டா நிற்குமோ அதுவே அந்த நூலின் நம்பர். 80-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 80 சிட்டா. அதாவது 67,200 கெஜம். நம்பர் ஏறினால் நூல் மெலிதாகும், இறங்கினால் பருமனாகும். ஒரு பவுண்டு ஏறத்தாழ 453.6 கிராம். ஆகவே 80-ஆம் நம்பர் சிட்டா ஒன்று 5.67 கிராம் நிறுக்க வேண்டும்.

இனி ஒரு வேட்டிக்கு எவ்வளவு ஊடை வேண்டும்? நீளம் 4 கெஜம், அகலம் 50 அங்குலம், அங்குலத்திற்கு 60 ஊடை என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 50-ஆற் பெருக்கி, வந்ததை 4-ஆற் பெருக்கினால் 12,000. இதுவே தேவையான கெஜம். கெஜத்திற்கு 36 அங்குலம் என்பது நீளத்திலும் அகலத்திலும் வந்து ஒன்றையொன்று அடித்துவிடுவதால் கணக்கு இவ்வளவு சுருங்குகிறது. 12,000 கெஜத்தை 67,200-ஆல் வகுத்து எடையாக்கினால் 81 கிராம். சேதாரத்தை இதன்மேற் சேர்த்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் கணக்கும் இந்த அடிப்படையிலேதான் இருந்தது, அதில் பிழையில்லை.

நமது இளைஞர் இக்கணக்கைக் கற்றுக்கொண்டதும், பத்துச் சிட்டாவைக் கட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். 56.7 கிராம் இருக்க வேண்டியது 59.7 கிராம் இருந்தது. மழைக்காலத்தில் பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும் என்று ஒரு முதியவர் எச்சரித்தார். நல்ல எச்சரிக்கை. ஆகவே உலர்ந்த நாளொன்றில், வேறு வேறு கட்டுகளிலிருந்து எடுத்து மறுபடியும் நிறுத்தார். அதே கனம். 453.6-ஐ 5.97-ஆல் வகுத்தால் வருவது 76. வந்த நூல் 80-ஆம் நம்பர் அன்று, 76-ஆம் நம்பர்!

76-ஆம் நம்பர் நூலில் அதே 12,000 கெஜம் 85 கிராமுக்குச் சற்று மேல் நிறுக்கும். ஆக, ஒவ்வொரு வேட்டிக்கும் நான்கு கிராமுக்கு மேல் நூல் கூடுதலாகச் சென்றுகொண்டிருந்தது. குமாஸ்தாவும் திருடவில்லை, நெசவாளரும் திருடவில்லை. பருமன் நூல், எடையில் சரியாகவும் நீளத்திற் குறைவாகவும் வந்து சேர்ந்திருந்தது. கணக்கை எழுதிக் காட்டியபின், நூல் வழங்கியவர்கள் அடுத்த சரக்கை மாற்றித் தந்தார்கள். பிடித்தம் செய்த கூலி நெசவாளர்க்குத் திருப்பி வழங்கப்பட்டது. ஒன்று மட்டும் வருத்தம். திருட்டுப் பட்டம் சூட்டப்பட்ட ஒரு குடும்பம் அதற்குள் சங்கத்தை விட்டு விலகி ஒரு தரகரிடம் நெய்யச் சென்றுவிட்டது. அது திரும்பி வரவேயில்லை. இந்தக் கணக்கு ஆறு மாதம் முன்பே அங்கத்தினரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அக்குடும்பம் தங்கியிருக்கும்.

அந்த இளைஞர் பின்னர் துணியின் தரம் பார்க்கும் குழுவிலும் இரண்டாண்டு இருந்தார். அதன்பின் ஜவுளி ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் தரச் சோதகராக ஊதியத்திற்கு அமர்ந்தார். அவருக்கு அவ்வேலை கிடைத்ததற்குப் பட்டம் காரணமன்று. நேர்முகத்தின்போது ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து அதன் இழைக் கணக்கைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியை வைத்து எண்ணிச் சொன்னார். அவ்வளவே.

இது நம் நாட்டிற் புதிதாகத் தோன்றிய வழியன்று. கூட்டுறவின் மூலத்திலேயே இது இருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844-ஆம் ஆண்டு சிறு கடையொன்றைத் தொடங்கியவர்களை முன்னோடிகள் என்று நாம் போற்றுகிறோம். அவர்களிற் பலர் கம்பளித் துணி நெய்வோர். மரவேலை முதலிய பிற தொழில் செய்தோரும் இருந்தனர். வாரத்திற்கு இரண்டு பென்ஸ், மூன்று பென்ஸ் என்று சேர்த்து 28 பவுன் முதலாக்கினார்கள். டோட் லேன் என்னும் தெருவில் கிடங்கொன்றின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பிடித்து, அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் மாலை கதவைத் திறந்தார்கள். விற்றது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு முதலிய சில பண்டங்களே. பகலெல்லாம் தொழிலில் இருந்தவர்களாதலால் முதலில் வாரத்திற்கு இரண்டு மாலைகளில் மட்டுமே கடை திறந்திருந்தது. கொள்முதலும் கணக்கும் அவர்கள் முன்பின் பழகாத வேலைகள். அவற்றைச் செய்து செய்தே கற்றார்கள். பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கும் விதியையும் வகுத்தார்கள்.

அந்த ராச்டேல் சங்கத்தில் வளர்ந்த ஒருவரின் வரலாறு நமது பாடத்திற்கு மிகப் பொருந்தும். ஜான் மிட்செல் என்பவர் 1828-இல் வறுமையிற் பிறந்தார். சிறு வயதிலேயே பஞ்சாலை வேலைக்குச் சென்றார். 1853-இல் முன்னோடிகள் சங்கத்தில் அங்கத்தினரானார். சில ஆண்டுகளில் அதன் நிர்வாகக் குழுவில் இடம் பெற்றார். ஒரு சிறு கடையின் குழுவிலிருந்து கொள்முதலும் கணக்கும் கூட்டம் நடத்தும் முறையும் பழகிய அவர், சங்கங்கள் பல கூடி 1863-இல் நிறுவிய மொத்த விற்பனைச் சங்கத்திற்கு 1874-இல் தலைவரானார். 1895-இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். கப்பல்களும் ஆலைகளும் கொண்ட பெரு நிறுவனமாக அது அவர் காலத்தில் வளர்ந்தது. இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ 350 பவுன் மட்டுமே. பொருள் சேர்க்கவில்லை என்பதை நாம் இங்கே பெருமையாகப் பேச வரவில்லை. அவரவர் குடும்பத்திற்குப் பொருள் வேண்டியதே. பஞ்சாலையிற் கூலிக்குப் போன பிள்ளை அவ்வளவு பெரிய வாணிகத்தை நடத்தும் தேர்ச்சியை எங்கே பெற்றார் என்பதே நமது கேள்வி. சங்கத்தின் குழு மேசையிலேதான் பெற்றார்.

உழவர்களுக்கான கடன் சங்கங்களைப் பொறுத்தமட்டில் ஜெர்மனி நாட்டு ராய்பைசன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1864-இல் ஹெடஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் அமைத்த சங்கத்தின் வழியில் எழுந்த கிராமச் சங்கங்களில், நிர்வாகிகள் ஊதியமின்றிப் பணிபுரிய வேண்டும் என்பதே கொள்கை. கணக்கெழுதுபவர்க்கு மாத்திரம் சிறு ஊதியம் உண்டு. சென்னை மாகாண அரசாங்கம் 1892-இல் விவசாய வங்கிகளைப் பற்றி ஆராயுமாறு பிரெடரிக் நிக்கல்சனை நியமித்தபோது, அவர் தமது அறிக்கையில் இம்முறையையே பெரிதும் பரிந்துரைத்தார். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அதன்பின் வந்தது. ஆகவே கௌரவப் பணி என்பது நமது சங்கங்களுக்கு யாரோ பிற்காலத்தில் ஒட்டவைத்த அலங்காரம் அன்று.

உழவர்கள், "நூற்கணக்கு நெசவாளர்க்கு, எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். விதைக் குழுவில் ஒரு பருவம் இருந்து பாருங்கள். விதை நெல்லின் முளைப்புத் திறனைச் சோதிக்கக் கற்பீர்கள். மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலுமாக எடுத்துக் கலந்து, பொறுக்காமல் நூறு நூறாக நான்கு கூறு எண்ணி, ஈரத் துணியிலோ தாளிலோ பரப்பி, காயாமற் காத்து, பதினான்காம் நாள் முடிவாக எண்ண வேண்டும். சான்று பெறும் நெல் விதைக்கு நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும் என்பது விதி. பொறுக்காமல் என்று சொன்னோமே, அதில்தான் பலரும் தவறுகிறார்கள். கை தானாகவே நல்ல மணியை நாடும். பிறகு சோதனை பொய் சொல்லும். நூற்றுக்கு 64 தான் முளைக்கிறது என்றால், 80 முளைக்கும் விதை எவ்வளவு இட வேண்டுமோ அதற்கு மேல் கால் பங்கு கூட்டி இட்டால்தான் அதே எண்ணிக்கை நாற்று வரும். இதனை அறிந்த உழவர் தம் வயலுக்கு மட்டுமா பயன்படுவார்? விதை உற்பத்தி செய்யும் பண்ணைகளிலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இச்சோதனையைப் பிழையின்றிச் செய்பவர்க்கு வேலை உண்டு.

கணக்குப் பக்கத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ரொக்கப் புத்தகம், பேரேடு என்ற பெயர்களைக் கேட்டதும் நமது அங்கத்தினர்கள் அஞ்சுகிறார்கள். காரியதரிசியின் பக்கத்தில் வாரத்திற்கு ஒரு மாலை அமர்ந்து, அவர் வாசிக்கும் சீட்டுகளைச் சரிபார்த்துக் கொடுத்தாலே மூன்று மாதத்தில் அச்சம் தெளியும். பற்றும் வரவும் ஒத்துவராதபோதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. வித்தியாசம் 9-ஆல் மீதமின்றி வகுபடுமானால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கக்கூடும்; 5,420 என்பதை 5,240 என்று எழுதினால் வித்தியாசம் 180. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் வரும் தொகை ஏதேனும் ஒரு பதிவில் இருக்குமானால், அப்பதிவு பற்றுக்குப் பதில் வரவிலோ வரவுக்குப் பதில் பற்றிலோ ஏறியிருக்கலாம். புத்தகத்தில் படித்தால் இவை நினைவில் நில்லா. கிடைக்காத நூற்றெண்பது ரூபாயை இரவு ஒன்பது மணிவரை தேடிக் கண்டுபிடித்தவன் இதை ஆயுள் முழுவதும் மறவான். கணக்குப் புத்தகத்துக்குப் பதில் இன்று கணினி வந்துள்ள சங்கங்களிலும் இக்கல்வி வீண்போகாது. சீட்டைத் தவறாக இட்டால் கணினியும் தவறாகவே கூட்டும்.

நடவடிக்கைப் புத்தகம் எழுதும் பணியை யாரும் மதிப்பதில்லை. நமது கருத்தில் இளைஞர்களுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. இரண்டு மணி நேரம் இருபது பேர் பேசியதில், முடிவு என்ன, முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், எதிர்த்தவர் எத்தனை பேர் என்பதை நான்கு வரியில், எவரும் மறுக்க முடியாதபடி எழுத வேண்டும். சண்டையை எழுதக் கூடாது. முடிவை எழுத வேண்டும். ஓராண்டு இதைச் செய்தவர் எழுதும் விண்ணப்பமும் கடிதமும் வேறு தரத்தில் இருக்கும்.

பெண்மக்களைப் பற்றித் தனியே கூறுவது நமது கடமை. 2019–20-இல் எடுக்கப்பட்ட அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்திற்கு மேல். அவர்களில் 25 இலட்சத்திற்கு மேற்பட்டோர் பெண்கள். பாவு தோய்ப்பதிலும் தார் சுற்றுவதிலும் தறியிலும் கையிருக்கிறது. குழு மேசையில் மட்டும் கையைக் காணோம். பல ஊர்களில் அங்கத்தினர் பெயரே கணவர் பெயராக இருக்கிறது. கூட்டம் இரவு எட்டு மணிக்கு வைக்கப்படுவதும் இதற்கு ஒரு காரணம். சமையலையும் பிள்ளைகளையும் விட்டு எந்தத் தாய் அந்நேரத்தில் வருவாள்? பிற்பகல் மூன்று மணிக்குக் குழு கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்பது நமக்கு விளங்கவில்லை. வண்ணச் சேர்க்கையையும் கரை அமைப்பையும் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெண்கள் இருவர் இருந்தால், விற்பனையாகாமல் அலமாரியில் கிடக்கும் சேலைகள் குறையும் என்பது நாம் கண்கூடாகக் கண்டது.

இவ்வளவு சொன்னபின், மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஊதியமில்லாப் பணி என்ற பெயரில் சங்கம் அங்கத்தினரைச் சுரண்டுவதும் உண்டு. ஊதியத்திற்கு ஆள் வைக்க வேண்டிய முழுநாள் வேலையை, "நம்ம சங்கம்தானே" என்று சொல்லி ஒருவர் தலையிற் கட்டுவது கௌரவப் பணி ஆகாது. வாரத்தில் ஒன்றிரண்டு மாலைகள், ஓராண்டுக் காலம், இன்ன வேலை என்று வரையறுத்து ஏற்பதே முறை. வெளியூர் செல்ல நேர்ந்தால் பேருந்துச் செலவைக் கேட்டு வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வாங்காமல் விட்டு வீட்டில் மனைவியிடம் ஏச்சு வாங்குவோர் அடுத்த ஆண்டு வருவதே இல்லை. ரொக்கத்தைக் கையாளும் வேலையாயின், எவ்வளவு நெருங்கியவரிடமும் ரசீதின்றிப் பணம் பெறலாகாது, கொடுக்கலாகாது. "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்ற சொல்லால் நல்லவர்கள் பெயர் கெட்டதை நாம் பார்த்திருக்கிறோம்.

மற்றொரு தீங்கு இதற்கு நேர்மாறானது. ஒரே வேலையைப் பத்தாண்டு ஒருவரே பார்த்து, அவரில்லாவிட்டால் நூற்கணக்கு யாருக்கும் தெரியாது என்ற நிலை. அவருக்கு அது பெருமையாகத் தோன்றும், சங்கத்திற்கு ஆபத்து. கற்றுக்கொண்டவர் இரண்டாவது ஆண்டில் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கற்பிக்க வேண்டும். கற்பிக்கும்போதுதான் தாம் எதை அரைகுறையாக அறிந்திருக்கிறோம் என்பதும் அவருக்குப் புலப்படும். மேற்சொன்ன இளைஞர் வேறு வேலைக்குச் சென்றபோது அந்தச் சங்கம் தடுமாறவில்லை. தம் தங்கைக்கு அவர் அக்கணக்கை முன்பே பழக்கியிருந்தார். இன்று பத்துச் சிட்டா நிறுத்துப் பார்த்த பின்பே அங்கே புதிய கட்டுகள் இருப்பில் ஏறுகின்றன. நிறுப்பவர் அந்தப் பெண்தான்.

முறையாக மேற்படிப்புப் பெற விரும்புவோர்க்கு வழிகள் உண்டு. 1960-இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. வடிவமைப்பும் சாயமும் பற்றி ஆலோசனை கூறுவதற்கு நெசவாளர் சேவை மையங்கள் 1956 முதல் இயங்குகின்றன. குழுப் பணியில் ஓராண்டு பழகியபின் அங்கே செல்பவருக்கு, என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். வெறுங்கையோடு செல்பவர் அங்கே சொல்வதைக் கேட்டுவிட்டு வருவார்.

பணியேற்க விரும்பும் அங்கத்தினர் மகாசபை வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வேலை, வாரத்தில் எந்த மாலை, எத்தனை மாதம் என்பதைக் குறித்துக் காரியதரிசிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். அது அடுத்த குழுக் கூட்டத்தின் பொருட்பட்டியலில் சேரும். வாய்மொழியாகச் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பதே நல்லது. முடிவு நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறினால், ஆண்டு முடிவில் இன்ன பணியை இன்னார் இத்தனை காலம் பார்த்தார் என்று சங்கத்தின் முத்திரையுடன் சான்று கேட்டுப் பெறவும் அதுவே ஆதாரமாகும்.